ஒலிபரப்பாது செவிமடுக்கும் ராடார்

யாழ்ப்பாணத்தில் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்த தொண்ணூறுகளில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட அனுபவம் எம்மவர் பலருக்கு உண்டு. ஒலிபரப்பும் வசதியற்றவரும் செவிமடுத்து அறியலாம். விஞ்ஞானத்திலும் இவ்வழி உண்டு.

வழமையான ராடார் தானே வலுமிக்க அலைகளை அனுப்பி, அவற்றின் எதிரொலியைப் பெறுகிறது. அதற்குப் பெருஞ்செலவும் அரசின் அனுமதியும் வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் சாரும் பிராங் லிண்டும் தொண்ணூறுகளில் அமைத்த மனஸ்டாஷ் ரிட்ஜ் ராடாரோ எதையும் அனுப்பவில்லை. சியாட்டில் நகர எப்.எம். வானொலியின் ஒலிபரப்பை அந்நகரில் ஒரு வாங்கி பதிவுசெய்தது. மற்றொன்று கஸ்கேட் மலைத்தொடருக்கு அப்பால் வைக்கப்பட்டது. நேரடி அலையை மலைகள் பெருமளவு மறைத்ததால், வடக்கே துருவ ஒளி தோன்றும் வானிற் பட்டுத் திரும்பிய நலிந்த அலையையும் அது பிரித்தறிய முடிந்தது. ஜி.பி.எஸ். செய்மதிகளின் துணையால் நேரம் பொருத்தப்பட்ட இரு பதிவுகளையும் கணினி ஒப்பிட்டது. எதிரொலியின் தாமதத்திலிருந்து தூரமும், அதன் அதிர்வெண் மாற்றத்திலிருந்து வேகமும் புலப்பட்டன. 1997இல் இம்முறையை அவர்கள் ஆய்விதழில் விளக்கினர்.

வெறும் வானம் அலையைத் திருப்புவது எங்ஙனம்? சுமார் 100 கி.மீ. உயரத்தில் இலத்திரன்கள் அயன்களைக் கடந்து விரைகின்றன. அவ்வேகம் அங்குள்ள ஒலிவேகத்தை விஞ்சும்போது அடர்த்தியிற் சிற்றலைகள் எழுகின்றன. ஏறத்தாழ 3 மீற்றர் நீளமுள்ள எப்.எம். அலையை, அதிற் பாதி நீளமுள்ள சிற்றலைகள் திருப்பி அனுப்புகின்றன.

1963இல் இதைத் தனித்தனியே விளக்கியவர் இருவர். ஒருவர் டொனால்ட் பார்லி. மற்றவர், கலிபோர்னியாவின் சான்டா கிளாரா மாவட்டத்திலுள்ள ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒஸ்கார் புனமன். ஜேர்மனியில் நாசி ஆட்சியை எதிர்த்துச் சிறைசென்ற அவர், இங்கிலாந்து சென்றார். யுத்தம் மூண்டபின் அடைக்கலம் தந்த நாடே அவரை ‘எதிரி நாட்டவர்’ எனத் தடுத்து வைத்தது. விடுதலையான பின்னர் ஆய்வைத் தொடர்ந்து, 1960இல் ஸ்டான்போர்ட் சேர்ந்தார். 1993இல் மறைந்தார்.

இச்சிற்றலைகள் துருவங்களுக்கு மாத்திரம் உரியனவல்ல. புவிக் காந்த மத்திய கோட்டின் மேலும் அவை எழுகின்றன. அக்கோடு தென்னிந்திய முனைக்கும் இலங்கைக்கும் அண்மையிற் செல்கிறது. கண்ணுக்குப் புலப்படும் துருவ ஒளி எம் ஊரில் இல்லை. ஆனால் அதே அலைகள் எம் வானிலும் உண்டு.

இன்று சான்டா கிளாராவின் கணினி நிறுவனங்களிற் பணிபுரியும் எம் இளைஞரும், தஞ்ச மனுவின் முடிவை எதிர்பார்த்திருக்கும் எம் உறவுகளும் புனமனின் வாழ்வை அறிந்திருத்தல் நன்று. தடுத்து வைக்கப்பட்ட காலம் அவருடைய கல்வியின் முடிவாக அமையவில்லை.