மணலில் நடந்தால்தான் தெரியும் பாலைவனம்

டில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் குளிர்கால விடுமுறையில் ராஜஸ்தான் பக்கம் கிளம்பினால், ஜெய்ப்பூர், ஜோத்பூர் எல்லாம் முடித்துக் கடைசியாக ஜெய்சல்மேருக்கு வருவார்கள். மஞ்சள் கல் கோட்டையைச் சுற்றிப் பார்ப்பார்கள். மாலையில் ஜீப் பிடித்து, 40 கிலோ மீட்டருக்குச் சற்று அப்பால் உள்ள சம் மணல் மேட்டுக்குப் போவார்கள். ஒட்டகத்தின் மேல் ஒரு சுற்று, சூரியன் மறையும்போது ஒரு போட்டோ, இரவில் கூடாரத்தில் பாட்டும் நடனமும். மறுநாள் ரயிலில் ஏறி, "பாலைவனம் பார்த்தாயிற்று" என்று திரும்பிவிடுவார்கள்.

அவர்கள் பார்த்தது பாலைவனத்தின் வாசற்படியைத்தான். வீட்டுக்குள் நுழைய வேண்டுமானால் கொஞ்சம் நடக்க வேண்டும்.

சம் மணல் மேட்டை ஒட்டி விரிந்து கிடப்பது பாலைவன தேசியப் பூங்கா. 1980-ஆம் ஆண்டு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஜெய்சல்மேர், பார்மேர் ஆகிய இரு மாவட்டங்களில் 3,162 சதுர கிலோ மீட்டர் பரப்பு. நம் கன்னியாகுமரி மாவட்டத்தைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. இவ்வளவும் மணல் மேடு என்று எண்ணிவிட வேண்டாம். மணல் மேடு ஒரு பங்குதான். மற்றது புல்வெளி, சரளைத் தரை, பாறைத் திட்டு. இடையிடையே ஊர்களும் ஆட்டு மந்தைகளும் உண்டு.

எங்கிருந்து பார்ப்பது?

மலை வாசஸ்தலங்களில் இருப்பதுபோல் கைப்பிடிச் சுவர் கட்டிய காட்சி மேடைகளை இங்கே தேடினால் கிடைக்காது. ஆனாலும் நல்ல இடங்கள் இருக்கின்றன.

முதலாவது, ஊருக்குள்ளேயே உள்ள வியாஸ் சத்ரி. பழைய நினைவு மண்டபங்கள் நிற்கும் இந்த மேட்டிலிருந்து மாலை நேரத்தில் கோட்டையைப் பார்க்க வேண்டும். 1156-இல் ராவல் ஜெய்சல் அடிகோலிய கோட்டை அந்திவெயிலில் பொன்னாக மாறுவது கண்கொள்ளாக் காட்சி.

இரண்டாவது, பார்மேர் சாலையில் 17 கிலோ மீட்டரில் உள்ள ஆகல். சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் நின்ற பெருமரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. நீரும் நிழலுமாக ஒரு காலத்தில் இங்கே காடு இருந்தது என்பதற்கு அவையே சாட்சி.

மூன்றாவது, குரி. ஜெய்சல்மேருக்குத் தென்மேற்கே உள்ள சிற்றூர். சம்மில் இருக்கும் அளவுக்குக் கூட்டமும் ஜீப் இரைச்சலும் இங்கே இல்லை. காலையில் மணல் மேட்டில் ஏறி நிற்பதற்கு ஏற்ற இடம் இதுதான். டிசம்பர், ஜனவரியில் சூரியன் உதிக்க 7 மணிக்கு மேல் ஆகிவிடும். ஆகவே, விடியலைப் பார்ப்பதற்காகப் பாதி இரவில் எழுந்து அல்லல்பட வேண்டியதில்லை.

மணலில் நடப்பது எப்படி?

மணல் மேட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. காற்று வந்து மோதும் பக்கம் சரிவு குறைந்தது, மணல் இறுகியிருக்கும். மறுபக்கம் செங்குத்தானது, கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். இறுகிய பக்கமாக ஏறி, முகட்டை ஒட்டியே நடந்தால் குழந்தைகளும் களைப்பின்றி வருவார்கள். அதிகாலையில் போனால் இரவு நடமாடிய ஜீவன்களின் தடங்கள் அழியாமல் இருக்கும். வண்டு தைத்துவிட்டுப் போன தையல், நரியின் நேர்க்கோடு, ஓணானின் வால் இழுத்த கோடு என்று மணலே நாளேடாக விரிந்து கிடக்கும்.

கீழே இறங்கினால் தமிழருக்குத் தெரிந்த முகங்கள் எதிர்ப்படும். இதோ எருக்கு, அதோ இலந்தை. தனித்து நிற்கும் அந்த மரம் கேஜ்ரி. வேறு எதுவுமில்லை, நம் கோயில்களில் வலம் வரும் வன்னி மரமேதான். அதன் காயைச் "சாங்ரி" என்று சொல்லி இங்கே கறி சமைக்கிறார்கள். தழை ஆட்டுக்கு, நிழல் மனிதனுக்கு. இந்த மரத்தை வெட்ட வந்தவர்களைத் தடுத்து, 1730-இல் ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில் பிஷ்ணோய் மக்கள் 363 பேர் உயிரைக் கொடுத்தார்கள். நம் ஊர்க் கோயில் காடுகளைப் போலவே, இங்கும் தெய்வத்துக்கென விடப்பட்ட "ஓரண்" என்னும் நிலங்கள் இருக்கின்றன. அங்கே மரத்தில் கோடரி விழாது.

ஆண்டுக்கு 20 சென்டி மீட்டர் மழைகூடச் சரியாகப் பெய்யாத மண் இது. அந்த மழையையும் கரை கட்டி நிறுத்தி, நீர் வற்றியபின் ஈரத்தில் கோதுமை விதைக்கும் "கடீன்" முறையைப் பாலிவால் பிராமணர்கள் கையாண்டார்கள். அவர்கள் விட்டுச் சென்ற குல்தரா கிராமம் ஜெய்சல்மேர் - சம் சாலைக்கு அருகே வெறும் சுவர்களாக நிற்கிறது. "பேய் ஊர்" என்று பயந்து பார்ப்பதைவிட, தண்ணீரைச் சேமிக்கத் தெரிந்தவர்களின் ஊர் என்று பார்ப்பது மேல்.

ஒற்றை முட்டை

இனித்தான் முக்கியமான செய்தி. இந்தப் புல்வெளியின் ராஜா கானமயில். ராஜஸ்தானியில் "கோடாவண்". ஒரு மீட்டர் உயரம்; ஆண் பறவை 15 கிலோ வரை எடை. ஒரு காலத்தில் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் திரிந்த பறவை. இன்று நாடு முழுவதும் எஞ்சியிருப்பவை சுமார் 150 என்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை இந்த ஜெய்சல்மேர் மண்ணில்தான் உள்ளன.

கானமயில் கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில், பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும். ஒரு ஜீப் சக்கரம், ஒரு நாயின் வாய், வழி தவறிய ஒரு காலடி போதும். அந்த ஆண்டின் வம்சம் முடிந்தது. நேர் எதிரே உள்ளதைக் கூர்ந்து பார்க்க முடியாத இந்தப் பறவை, மின்கம்பிகளில் மோதியும் மடிகிறது. கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகும்படி 2021-இல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. காற்றாலையும் சூரிய மின்சாரமும் நாட்டுக்கு வேண்டுமே என்ற வாதத்தால், 2024-இல் அதைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் விட்டது. பூங்காவுக்குள் வாழும் ஊர்மக்களுக்கும் விளக்கும் சாலையும் வேண்டும். சரணாலயச் சட்டத்தால் அவை எளிதில் கிடைப்பதில்லை. எந்தப் பக்கமும் சுலபமான தீர்ப்பு இல்லை. 2019 முதல் முட்டைகளை எடுத்துச் செயற்கையாகப் பொரிக்க வைத்து வளர்க்கும் பணி நடந்து வருவது ஓர் ஆறுதல்.

இந்தப் பறவையைக் காண விரும்புவோர், வேலியிட்டுக் காக்கப்படும் சுதாசரி புல்வெளிக்கு வனத்துறை அனுமதி பெற்றுச் செல்ல வேண்டும். வனக் காவலர் காட்டும் தடத்தை விட்டு விலகக் கூடாது. கானமயில் தென்படாமலும் போகலாம். சிங்காரா மான்களும் கழுகுகளும் ஏமாற்ற மாட்டா.

போகிறவர்களுக்கு

டில்லியிலிருந்து ஜோத்பூர் வழியாக ஜெய்சல்மேருக்கு நேர் ரயில் உண்டு. ஜோத்பூர் தாண்டியதும் ஓசியான், பலோடி, ராம்தேவ்ரா, பொக்ரான் என்று நிலையங்கள் வரும். தூங்கிவிடாமல் ஜன்னலோரம் உட்காருங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். குளிர்கால இரவில் ஸ்வெட்டரும் கம்பளியும் அவசியம். தலைக்குத் துண்டு, கணுக்காலை மூடும் செருப்பு, ஆளுக்குத் தாராளமாகத் தண்ணீர். பாகிஸ்தான் எல்லை நெருங்கிய பகுதி என்பதால் அடையாளச் சான்றும் கையில் இருக்கட்டும். பிளாஸ்டிக் பையை மட்டும் மணலில் விட்டு வராதீர்கள்.

சர்க்காரின் பழைய நிலக் கணக்குகளில் இத்தகைய புல்வெளிகளுக்குத் "தரிசு" என்று பெயர். காலை வெயிலில் இரண்டு மணி நேரம் இங்கே நடந்து வந்தவர்கள், அந்தச் சொல்லை மறுபடி அவ்வளவு எளிதாக வாயில் எடுக்க மாட்டார்கள்.