நினைவகத்துக்குக் காவல்: கெர்னல் திருத்தங்களும் தானியங்கிச் சரிபார்ப்பும்

சின்னசேலம் கடைவீதியில் பணம் வரவானதை அறிவிக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியும், தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் இடம்பெற்ற, சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் இயங்குதளமும் லினக்ஸ் கெர்னலின் மேல் இயங்குபவை. வன்பொருளுக்கும் செயலிகளுக்கும் இடையில் நிற்கும் இந்த உட்கருவில், எந்தச் செயலிக்கு எவ்வளவு நினைவகம் தருவது, அதை எப்போது திரும்பப் பெறுவது என்று தீர்மானிக்கும் பகுதியே நினைவக மேலாண்மை. அது நினைவகத்தைப் பெரும்பாலும் 4,096 பைட் அளவுள்ள 'பக்கங்களாக'ப் பிரித்து, ஏரி நீரை முறை வைத்துப் பங்கிடுவதைப் போல வழங்குகிறது.

இப்பகுதிக்கு எழுதப்படும் திருத்தங்களில், அதாவது 'பேட்ச்'களில், பிழை பெரும்பாலும் எளிதில் கண்ணில் படாத வழியில் ஒளிந்திருக்கும். ஒரு நிரல்கூறு முதல் பக்கத்தைப் பெற்றுக்கொண்டு இரண்டாவதைக் கேட்கிறது. அது கிடைக்காதபோது, முதலாவதை விடுவிக்காமலே பிழைக்குறியுடன் திரும்பிவிடுகிறது. இதுவே நினைவகக் கசிவு. விடுவித்த பக்கத்தை மீண்டும் தொடுவது இன்னும் ஆபத்தானது.

பிழை நெடுங்காலம் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும் என்பதற்கு 'டர்ட்டி கௌ' எனப்பட்ட வழு தக்க சான்று. ஒரே பக்கத்தைப் பகிர்ந்துகொள்ளும் இரு செயல்களில் ஒன்று எழுத முற்படும்போதுதான் தனி நகல் எடுக்கப்படும்; அந்நேரத்தில் செயல்கள் ஒன்றையொன்று முந்துவதால் நிகழும் ஒரு போட்டி நிலையைப் பயன்படுத்தி, படிக்க மட்டுமே உரிய கோப்பிலும் எழுத முடிந்தது. 2007-இல் வெளியான 2.6.22 பதிப்பு முதல் இருந்த இக்குறை 2016 அக்டோபரில்தான் நீக்கப்பட்டது; லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் முன்பே முயன்ற ஒரு திருத்தம், வேறொரு கணினி வகையில் சிக்கல் தந்ததால் கைவிடப்பட்டிருந்தது.

மனிதக் கண் சோரும் இடங்களைக் காக்கவே கருவிகள் பெருகின. கசிவைத் தேடும் கேமெம்லீக் 2009-இலும், தவறான நினைவக அணுகலைப் பிடிக்கும் கேசான் 2015-இலும் கெர்னலில் சேர்ந்தன. கூகுளின் சிஸ்பாட் 2017 முதல் விதவிதமான உள்ளீடுகளைச் செலுத்தி வழுக்களை அறிவிக்கிறது. இன்டெல்லின் சோதனை ரோபோ திருத்தங்களைத் தொகுத்துச் சோதிக்கிறது. இப்போது செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளும் திருத்தங்களைப் படித்துக் கருத்துரைக்கின்றன.

ஆனால் முன்னைய கருவிகள் பெரும்பாலும் நிகழ்ந்த பிழையைக் காட்டுகின்றன; மொழி மாதிரியோ நிகழக்கூடும் என ஊகிப்பதைக் கூறுகிறது. பக்கத்தைக் காக்கும் பூட்டை மூன்று படி மேலே உள்ள நிரல்கூறு ஏற்கெனவே பிடித்திருக்க, கீழுள்ள வரிகளை மட்டும் பார்த்து 'பூட்டு இல்லை' என்று அது சொல்லிவிடலாம். ஆகவே எந்த வரிசையில், எந்த நிபந்தனையில் தவறு நேரும் என்று காட்டும் கருத்துரையே ஏற்கத்தக்கது. அதைச் சோதித்து அறிந்து முடிவெடுக்கும் பொறுப்பு திருத்தத்தை எழுதியவருக்கும் பராமரிப்பாளருக்கும் உரியது.

தப்பிய கசிவால் நினைவகம் தீரும்போது கெர்னல் ஏதேனும் ஒரு செயலியை நிறுத்திவிடுகிறது. கசிவின் சுமை முதலில் விழுவது குறைந்த நினைவகமுள்ள மலிவான கைப்பேசியின் மேல்தான். கல்வராயன் மலையில் அத்தகைய ஒன்றே குடும்பத்தின் ஒரே கருவியாக இருக்கும் வீடுகளுக்காகவும் அந்தச் சரிபார்ப்பு வேண்டும்.