தட்டும் சாவியும்: பழைய பொருளை ஒன்லைனில் விற்றால் காசு எப்படி வந்து சேர்கிறது?

கொட்டகலையில் ஓர் அக்கா தன் தையல் மெஷினை விற்கப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இக்மனிலும் பேஸ்புக் மார்க்கெட் பிளேஸிலும் படம் போட்டு, விலை 38,000 ரூபாய் என்று எழுதியாயிற்று. அரை மணி நேரத்தில் போன் அடிக்கிறது. "அக்கா, வேற யாருக்கும் குடுத்துறாதீங்க. காச இப்பவே போட்டு விடுறேன். கணக்கு நம்பரச் சொல்லுங்க." ஐந்நூறு குறைக்கச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. பழைய சாமான் வாங்க வந்தவர் பேரமே பேசாவிட்டால் ஹட்டன் சந்தையில் எவரும் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தச் சந்தேகம் இருக்கட்டும். "காசு போட்டு விடுறேன்" என்று ஒருவர் சொன்ன பிறகு உள்ளே என்னதான் நடக்கிறது?

வங்கிக் கணக்கை ஓர் அடுப்படியாக நினைத்துக்கொள்ளுங்கள். லயத்து வீட்டின் சின்ன அடுப்படியே போதும். அங்கே ஒரு தட்டு இருக்கிறது. பூட்டுப் போட்ட அரிசிப் பெட்டி ஒன்றும் இருக்கிறது. உங்கள் பெயர், வங்கி, கிளை, கணக்கு இலக்கம், இந்த நான்கும் சேர்ந்தது தட்டு. கார்டின் முன்பக்க நீள இலக்கம், பின்பக்கத்து மூன்று இலக்கங்கள், பின் நம்பர், ஆப்பின் கடவுச்சொல், போனுக்கு வரும் ஓ.டி.பி., இவையெல்லாம் பெட்டிச் சாவி. உங்களுக்குச் சோறு போட வருகிறவர் தட்டை நீட்டச் சொல்வார். சாவியைக் கேட்டால் அவர் போட வரவில்லை, அள்ள வந்திருக்கிறார். தட்டை யாருக்கும் காட்டலாம். அதை வைத்துக்கொண்டு எவரும் பெட்டியைத் திறக்க முடியாது. கணக்கு இலக்கத்தைச் சொல்லப் பயந்து நடுங்குகிறவர்களே பிறகு ஓ.டி.பி.யைச் சொல்லிவிடுகிறார்கள். பயம் இடம் மாறி இருக்கிறது.

சரி, தட்டை நீட்டியாயிற்று. சோறு எந்த வழியாக வருகிறது? எல்லாச் சாப்பாடும் ஒரே நேரத்தில் வெந்துவிடாது.

முதலாவது, கல்லில் போட்டு உடனே எடுக்கும் ரொட்டி. இதைத்தான் வங்கிக்காரர்கள் 'செஃப்ட்' என்கிறார்கள். 2015இல் தொடங்கியது. வாங்குகிறவர் தன் ஆப்பில் தொகையை அழுத்தியதும் அவருடைய வங்கி அவர் கணக்கில் அதைக் கழிக்கும். செய்தி லங்காபே என்ற பொது இணைப்புக்குப் போகும். மத்திய வங்கியும் வர்த்தக வங்கிகளும் சேர்ந்து சொந்தமாக வைத்திருக்கும் நிறுவனம் அது. அங்கிருந்து உங்கள் வங்கிக்கு வந்து, அப்படியொரு கணக்கு உண்டா என்று பார்த்து, உங்கள் பக்கத்தில் வரவு விழும். எல்லாம் சில விநாடிகளில். ஞாயிறு, போயா, நள்ளிரவு என்ற பேதம் கிடையாது. வங்கிகள் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்வது பிறகு மத்திய வங்கியில் நடக்கும். அதற்காக நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. இப்படி விழுந்த காசை அனுப்பியவர் தன் ஆப்பில் ஏதோ அழுத்தித் திரும்ப இழுத்துக்கொள்ள முடியாது. தனி ஆளாகப் பழைய பொருள் விற்கிறவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் எண்ணம்.

இரண்டாவது, திருவிழாவுக்கு வைக்கும் பெரிய பானை. பல பேரின் அரிசியை ஒன்றாகப் போட்டு, வெந்ததும் வரிசையாகப் பரிமாறுவது. 'ஸ்லிப்ஸ்' என்பது இந்த வகை. நிறுவனங்கள் சம்பளம் போட இதைப் பெரிதும் பயன்படுத்துகின்றன. வங்கி வேலைநாளில், தொகுதி தொகுதியாகத்தான் நடக்கும். வெள்ளி மாலை உலை வைத்தால் திங்கள்வரை பார்த்திருக்க வேண்டும். இதே குடும்பத்தில் இன்னொன்றும் உண்டு. பல ஆப்களில் பின்தேதி குறித்துக் காசு அனுப்ப ஏற்பாடு செய்யலாம். அந்தத் தேதிக்கு முன் அதை ரத்தும் செய்யலாம். அந்த ஏற்பாட்டுத் திரையை ஸ்கிரீன் ஷொட் எடுத்தால், அவசரத்தில் பார்ப்பவருக்குக் காசு போன மாதிரியே இருக்கும். அரிசி இன்னும் கடையிலிருந்தே வரவில்லை.

மூன்றாவது, இரவு ஊறப்போடும் கடலை: காசோலை. ஒரு காலத்தில் மலையகத்து வங்கிக் கிளையில் போட்ட காசோலை பஸ்ஸிலும் ரயிலிலும் கொழும்புக்குப் போய்த் திரும்ப நாட்கள் ஆகும். 2006இலிருந்து காசோலையின் படம் மட்டுமே போகிறது. நாடு முழுதும் பொதுவாக அடுத்த வேலைநாளில் தெரிந்துவிடும். ஆனால் போட்ட அன்றே உங்கள் கணக்கில் 38,000 என்று ஒரு வரி தோன்றலாம். அது கையில் எடுக்கக்கூடிய மீதியில் இன்னும் சேரவில்லை. கடலை ஊறிப் பெருத்திருக்கிறது, வேகவில்லை. காசோலை திரும்பினால் அந்த வரி அழிந்துவிடும், மெஷின் அதற்குள் கண்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். முன்பின் தெரியாதவரிடம் காசோலை வாங்கவே வேண்டாம். போயாவும் சனி ஞாயிறும் சேர்ந்து வரும் வாரத்தில் யாராவது காசோலை நீட்டினால் இன்னும் வேண்டாம்.

இனி ஏமாற்று எங்கே நுழைகிறது என்று பார்ப்போம். பெரும்பாலும் மணத்தில்தான். பக்கத்து வீட்டில் தாளித்தாலும் நம் வீட்டில் மணக்கும். அதற்காக நம் சட்டியில் கறி இருக்கிறது என்று ஆகாது. வட்ஸ்அப்பில் வரும் ஸ்லிப் படம் வெறும் மணம். பழைய ஸ்லிப் ஒன்றில் பெயரையும் தொகையையும் மாற்றுவதற்குப் போனிலேயே ஆப் இருக்கிறது. வங்கியின் பெயரிலேயே வரும் எஸ்.எம்.எஸ்.கூட மணம்தான், ஏனென்றால் அனுப்புகிறவர் பெயரைப் போலியாகப் போட்டு அனுப்ப முடியும். உங்கள் வங்கியின் உண்மையான செய்திகளுக்கு அடியிலேயே அதுவும் போய் உட்கார்ந்துகொள்ளும். காசு வந்ததா என்பதை உங்கள் சட்டியின் மூடியை நீங்களே திறந்துதான் பார்க்க வேண்டும். அதாவது, உங்கள் ஆப்பைத் திறந்து மீதியைப் பார்ப்பது. ஆப் இல்லையென்றால் ஏ.டி.எம்.மில் மீதி பார்ப்பது, அல்லது கார்டின் பின்னால் அச்சிட்டிருக்கும் இலக்கத்துக்கு அழைத்துக் கேட்பது. வாங்குகிறவர் அனுப்பிய இலக்கத்துக்கு அழைத்தால் அவருடைய கூட்டாளிதான் எடுப்பார்.

காகிதத்தில் எழுதிய தொகையைக் காசென்று கைமாற்றுவது தோட்டத்துக்குப் புதிதல்ல. கங்காணிமார் காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. இத்தனை ரூபாய்க் கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுப்பார். அந்தத் துண்டு தோட்டம் விட்டுத் தோட்டம் போகும், கடனும் ஆட்களோடு போகும். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

மலையில் இன்னொரு தொல்லை, சிக்னல். பொகவந்தலாவைப் பக்கமோ மஸ்கெலியாப் பக்கமோ மழை மூட்டமான நாளில் எஸ்.எம்.எஸ். தாமதமாக வருவது எல்லோருக்கும் பழக்கம். ஏமாற்றுகிறவருக்கும் அது தெரியும். "அங்க சிக்னல் இல்லியேக்கா, மெசேஜ் லேட்டா வரும். நான் ஆட்டோக்காரர அனுப்பிட்டேன், குடுத்து விட்ருங்க." ஆட்டோக்காரர் உண்மையான ஆட்டோக்காரர்தான், அவருக்கு ஒன்றும் தெரியாது. வாசலில் அவர் நிற்கும்போது "இன்னும் காசு வரல்ல" என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தை நம்பித்தான் அவரை அனுப்பியிருக்கிறார்கள். வெயிட்டிங் காசு வேண்டுமானால் அதையும் வாங்குகிறவரே கொடுக்கட்டும்.

அடுத்தது லிங்க். "நான் கூரியரிலயே காசு கட்டிட்டேன், நீங்க இந்த லிங்க்ல போயி உங்க கணக்குக்கு எடுத்துக்கங்க" என்று ஒரு செய்தி வரும். அழுத்தினால் கூரியர் நிறுவனத்தின் பக்கம் போலவே ஒன்று திறக்கும். மெஷினின் படம்கூட அதில் இருக்கும். கீழே கார்ட் இலக்கம் கேட்கும். நீங்கள் அடிக்க அடிக்க, மறுபக்கத்தில் ஒருவர் அதே இலக்கத்தை வேறொரு கடையில் போட்டுப் பொருள் வாங்கிக்கொண்டிருக்கிறார். அந்த வேலை முடிய ஓ.டி.பி. வேண்டும். அதனால் உங்கள் போனுக்கு உண்மையான வங்கியிலிருந்தே உண்மையான ஓ.டி.பி. வரும். அந்த எஸ்.எம்.எஸ்.ஸை ஆற அமரப் படியுங்கள். எந்தக் கடைக்கு, எவ்வளவு என்று பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும். 38,000 வர வேண்டிய இடத்தில், பேர் தெரியாத கடைக்கு 90,000 போவதாக எழுதியிருப்பதை ஆறு இலக்கத்தை மட்டும் பார்க்கும் கண் விட்டுவிடும். இந்தச் செய்திகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருவதைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. தமிழில் விண்ணப்பம் நிரப்பிக் கணக்குத் திறந்த மனிதருக்குத் தமிழில் எச்சரிக்க என்ன கேடு? அதுவரை இரண்டு சொல்லைப் பழகிக்கொள்ளலாம். 'கிரெடிட்' என்றால் தட்டில் விழுந்தது. 'டெபிட்' என்றால் பெட்டியிலிருந்து போனது. கியூ.ஆர். படத்தை அனுப்பி "ஸ்கேன் பண்ணுங்க, காசு வரும்" என்றாலும் இதே கதைதான். லங்கா கியூ.ஆர். ஸ்கேன் செய்வது காசு கொடுப்பதற்கு.

இதுவரை சொன்னவற்றில் காசு வரவே இல்லை. காசு உண்மையாகவே வந்து, அதன் பிறகும் மாட்டிக்கொள்ளும் வகை ஒன்று உண்டு. இதைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். உங்களிடம் மெஷின் கேட்ட அதே ஆள், அதே நேரத்தில், மாத்தறையில் இருக்கும் ஒருவருக்குத் தன்னிடம் இல்லாத ஒரு போனை 38,000 ரூபாய்க்கு விற்கிறார். "காசை இந்தக் கணக்குக்குப் போடுங்கள்" என்று உங்கள் கணக்கு இலக்கத்தைக் கொடுக்கிறார். மாத்தறைக்காரர் போடுகிறார். உங்கள் தட்டில் சூடான ரொட்டி விழுகிறது. ஆப்பில் பார்க்கிறீர்கள், மீதி கூடியிருக்கிறது, சந்தோஷமாக மெஷினைக் கொடுத்து விடுகிறீர்கள். போன் வராத மாத்தறைக்காரர் பொலிஸுக்குப் போகிறார். அவர் கையில் இருக்கும் ஒரே தடயம் உங்கள் பெயர். வேறொரு வீட்டு அடுப்பிலிருந்து தூக்கி வந்ததை உங்களுக்குப் பரிமாறிவிட்டு, பரிமாறியவர் மெஷினோடு போய்விட்டார். பிறகு கணக்கு முடக்கம், வாக்குமூலம், வேலை கெட்டு அலைச்சல்.

இதற்கு மருந்து இரண்டு. காசு வந்ததா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், யார் பெயரிலிருந்து வந்தது என்றும் பாருங்கள். பொருளை எடுக்க வருகிறவரின் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். "மச்சான்ட கணக்கில இருந்து போட்டேன்" என்றால், மச்சானோடு பேசாமல் பொருளைக் கொடுக்காதீர்கள். இரண்டாவது, காசு அனுப்பும்போது குறிப்பு எழுதும் இடத்தில் 'பழைய தையல் மெஷின், கொட்டகலை' என்று எழுதச் சொல்லுங்கள். போன் வாங்குவதாக நினைக்கும் மாத்தறைக்காரர் அதை எழுதும்போது ஒரு கணமாவது யோசிப்பார். எழுதாமலே காசு வந்தால் நீங்கள் யோசிக்கலாம்.

"தெரியாம 15,000 கூடப் போட்டுட்டேன், இந்த நம்பருக்குத் திருப்பி அனுப்பிருங்க" என்பதும் இதன் தங்கைதான். கூட வந்தது உண்மையென்றால், வந்த கணக்குக்கே, வங்கி மூலமாகத் திருப்புங்கள். வேறு இலக்கத்துக்கு ஒரு சதமும் வேண்டாம்.

நேரில் கைக்காசு வாங்குவதில் ஒரு குறையும் இல்லை, இடத்தை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுங்கள். ஹட்டனில் 1888இலேயே ஒரு வங்கி திறந்தார்கள். இன்று நகரத்துக்குள் வங்கிக் கிளைகளுக்குப் பஞ்சமில்லை. பகல் நேரத்தில் உங்கள் கிளையின் வாசலில் சந்தித்து, காசை அங்கேயே எண்ணி, அங்கேயே வைப்பிலிடுங்கள். கள்ள நோட்டென்றால் காசாளரே சொல்லிவிடுவார், வாங்குகிறவரும் பக்கத்தில் நிற்பார். ஐயாயிரம் ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே நீர்க்குறியாக ஒரு பறவை தெரிய வேண்டும். மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி. நுவரெலியா விக்டோரியா பூங்காவில் மரத்துக்கு மரம் தாவுமே, அதே குருவிதான். தூரத்து ஆளுக்கு அனுப்புவதானால், பொருளைக் கொடுக்கும்போதே காசு வாங்கித் தரும் சேவை கூரியர்களிடமும் உண்டு, தபால் திணைக்களத்திலும் உண்டு. காசு உங்கள் கைக்கு வரச் சில நாள் பிடிக்கும், கட்டணமும் போகும். ஆனால் நடுவில் நிற்பவரை நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

விற்பது போனாக இருந்தால் இன்னொரு வேலை இருக்கிறது. வங்கி ஆப்பிலிருந்து வெளியேறி, அதை அழித்து, போனை முழுதாகத் துடைத்து, சிம்மைக் கழற்றிய பிறகுதான் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அரிசிப் பெட்டியும் போனோடு போகும்.

சாவி கைமாறிவிட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு வீட்டில் உட்காராதீர்கள், நேரம்தான் முக்கியம். முதலில் வங்கிக்கு அழைத்துக் கார்டையும் ஆப்பையும் நிறுத்தச் சொல்லுங்கள், இரவிலும் எடுப்பார்கள். செய்திகள், ஸ்லிப் படம், அந்த ஆளின் இலக்கம் எதையும் அழிக்காமல் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். இப்படிப்பட்ட குற்றங்களுக்கென்றே 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. இணைய மோசடி பற்றி ஆலோசனை கேட்க இலங்கை சேர்ட் அமைப்பின் 101. வங்கி உங்கள் முறைப்பாட்டைக் கண்டுகொள்ளவில்லை என்றால் மத்திய வங்கியின் 1935. அழைத்ததும் தமிழில் பேசச் சொல்லிக் கேளுங்கள்.