சொல்லால் வேலி அடைக்கும் தொழில்

பிள்ளைகள் கல்வி முடித்தபின் எத்தொழிலை மேற்கொள்ளலாம் என்ற பேச்சு எழுமிடத்து, நம் வீடுகளில் வைத்தியம், பொறியியல், கணக்கியல், சட்டம் என்னும் நான்கையும் தாண்டிப் பேச்சுச் செல்வது அரிது. விஞ்ஞானமும் வேண்டும், சட்டமும் வேண்டும் என்று இரண்டையும் ஒருங்கே கேட்கும் தொழில் ஒன்று உண்டென்பதை மாணவர் பலர் அறியார். அதுவே ஆக்கவுரிமைச் சட்டத்தரணியின் தொழில். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர், குறித்த காலம் வரை அதனைப் பிறர் செய்யாமலும் விற்காமலும் தடுக்கும் உரிமையை அரசிடமிருந்து பெறலாம். அவ்வுரிமைக்கே ஆக்கவுரிமை என்று பெயர். அதனைப் பெறுதற்கு வேண்டிய பத்திரத்தை எழுதி, அலுவலகத்தாரின் ஆட்சேபங்களுக்கு விடையிறுத்து, உரிமையை வாங்கிக் கொடுப்பவரே நாம் கூறும் சட்டத்தரணி. கறுப்பு அங்கி தரித்து நீதிமன்றத்திலே முழங்கும் காட்சி இவர் வாழ்வில் அரிது. மேசை, இயந்திரப் படங்கள், பழைய பத்திரங்கள் ஆகியவற்றினிடையே கழியும் வாழ்வு இது. பத்திரக் கட்டுகளின் இடத்தை இன்று கணினித்திரை பிடித்துக்கொண்டது, வேலை மாறவில்லை.

காணி உறுதி வாசித்துப் பழகியவர்க்கு இத்தொழிலின் நுட்பத்தை விளக்குதல் எளிது. உறுதியிலே காணியின் பெயர், பரப்பு, கிணறு, பனை எல்லாம் கூறப்பட்டிருந்தாலும், வழக்கு வரும்போது எல்லோர் கண்ணும் செல்வது நான்கு எல்லைகளைக் கூறும் வரிகளின் மேலேயே. ஆக்கவுரிமைப் பத்திரத்திலும் அவ்வாறே. கண்டுபிடிப்பின் விவரம் பல பக்கம் செல்லும். இறுதியில் எண்ணிட்டு வரும் சில வாக்கியங்களே எல்லையாகும். அவற்றைக் கோரிக்கைகள் என்பர்.

உட்கார்ந்து தேங்காய் துருவும் திருவலை ஒன்றே வழங்கிய காலத்தில், கைப்பிடியைச் சுழற்றினால் அலகு சுழலும் புதுமாதிரித் திருவலையை ஒருவர் செய்தார் என்று வைத்துக்கொள்வோம். ‘எட்டுப் பல்லுள்ள இரும்பு அலகு’ என்று கோரிக்கையில் எழுதிவிட்டால், அயலவர் ஒன்பது பல் வைத்து, வேலிக்கு வெளியே நின்று சிரிப்பார். ‘தேங்காய் துருவும் கருவி யாவும்’ என்று எழுதினாலோ, அலுவலகப் பரீட்சகர் ஆச்சியின் திருவலையை எடுத்துக்காட்டி விண்ணப்பத்தைத் திருப்பிவிடுவார். குறுகவும் கூடாது, அகலவும் கூடாது. கண்டுபிடித்தவருக்கே தோன்றாத மாற்று வழிகளையும் முன்கூட்டி நினைந்து அடைக்க வேண்டிய வேலி அது. ஓரடி எல்லைக்காக நீதிமன்றம் ஏறத் தயங்காத நம்மவர்க்கு இத்தொழில் நன்கு பொருந்தும் என்று நாம் கூறினால், வாசகர் கோபியார் என நம்புகின்றோம்.

இத்தொழிலிலிருந்த ஒருவரே பெரிய கண்டுபிடிப்பாளராகவும் ஆனமைக்குச் செஸ்ரர் கார்ல்சன் என்னும் அமெரிக்கரின் வரலாறு சான்றாகும். இன்று நம் நாட்டிலே பாடசாலை வாயில்களிலும் கச்சேரியின் எதிரிலும் காணும் போட்டோப்பிரதிக் கடைகள் அனைத்துக்கும் மூலம் அவருடைய கண்டுபிடிப்பே.

கார்ல்சன் 1906ஆம் ஆண்டு சியாற்றில் நகரிலே முடிதிருத்துநர் ஒருவரின் ஒரே மகனாய்ப் பிறந்தார். தந்தையார் மூட்டுவாதத்தாலும் சயரோகத்தாலும் தொழில் செய்ய இயலாதவரானார். பள்ளிச் சிறுவனாயிருக்கும்போதே குடும்பத்துக்கு உழைக்கும் பொறுப்பு மகன்மேல் வந்தது. பதினேழாம் வயதில் தாயையும் இழந்தார். ஆயினும் கல்வியை விட்டாரல்லர்; 1930இல் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்திலே பௌதிகத்தில் பட்டம் பெற்றார். அப்பொழுது அவரிடம் இருந்த ஏனைய சொத்து ஏறக்குறைய 1,500 டொலர் கடன். உலகப் பொருளாதாரம் நொறுங்கிக் கிடந்த காலம். 82 கம்பனிகளுக்குக் கடிதம் எழுதியும் ஒன்றேனும் வேலை தரவில்லை.

ஈற்றில் நியூயோர்க்கிலுள்ள பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தில் வாரம் 35 டொலருக்கு வேலை கிடைத்தது. ஆய்வு வேலையில் மனம் பொருந்தாமையால் அங்கேயே ஆக்கவுரிமைப் பகுதிக்கு மாறினார். 1933இல் அவ்வேலையும் போயிற்று. ஆக்கவுரிமைச் சட்டத்தரணிகளின் அலுவலகம் ஒன்றில் ஓராண்டு கழித்து, பின்னர் பி. ஆர். மலொரி என்னும் மின்பொருட் கம்பனியின் ஆக்கவுரிமைப் பகுதியிலே சேர்ந்தார். காலப்போக்கில் அதன் தலைவருமானார்.

அங்கே அவரை வாட்டியது ஒரு சிறு தொல்லை. ஆக்கவுரிமைப் பத்திரத்துக்குப் பிரதிகள் பல வேண்டும். எழுத்தைக் காபன் தாள் வைத்துத் தட்டெழுதலாம். படங்களை என் செய்வது? நிழற்படம் எடுப்பிக்கப் பணமும் நாளும் செல்லும். இஃதன்றி, 1936 முதல் அவர் நியூயோர்க் சட்டக் கல்லூரியின் இரவு வகுப்பிலும் படித்தார். சட்ட நூல்களை விலைக்கு வாங்க வசதியில்லை. பொது நூலகத்திலே இருந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதினார். முள்ளந்தண்டிலே வாதநோய், கண்ணிலே குறும்பார்வை. பொத்தானை அழுத்தினால் பிரதி வரவேண்டும் என்ற எண்ணம் இத்தகைய ஒருவருக்குத் தோன்றியதில் வியப்பென்ன!

அதே நூலகத்தில் ஹங்கேரி நாட்டுப் பௌதிக அறிஞர் பால் செலெனியின் கட்டுரைகளைக் கண்டார். சில பொருள்கள் இருளில் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஒளி பட்ட இடத்தில் விட்டுவிடும். அவ்வாறாயின் எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் மின் எஞ்சும். அதன்மேல் தூளைத் தூவினால் எழுத்து வடிவிலே ஒட்டும். 1937 ஒக்ரோபர் 18ஆம் தேதி இதற்கான முதல் விண்ணப்பத்தை எழுதி அனுப்பினார். அன்றுவரை ஒரு பிரதியேனும் அவர் எடுத்துக் காட்டியதில்லை! எழுத்திலே மட்டும் உள்ள கண்டுபிடிப்பைவிடச் செய்து காட்டிய கண்டுபிடிப்புக்கே வலிமை மிகுதி என்பதைத் தொழில்வழி அறிந்தவராதலால், சமையலறை அடுப்பிலே கந்தகத்தை உருக்கிப் பரிசோதனை செய்யத் தொடங்கினார். அந்த நாற்றத்தை வீட்டார் எவ்வாறு பொறுத்தனரோ!

பின்னர் அஸ்ரோரியா என்னும் பகுதியில் ஒரு சிற்றறையைப் பெற்று, ஒஸ்திரியாவிலிருந்து அகதியாய் வந்த ஒட்டோ கோர்னி என்னும் பௌதிக அறிஞரைத் துணைக்கு அமர்த்தினார். 1938 ஒக்ரோபர் 22ஆம் தேதி, கோர்னி கண்ணாடித் துண்டொன்றில் அன்றைய தேதியையும் அஸ்ரோரியா என்னும் பெயரையும் மையால் எழுதினார். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டை இருட்டிலே கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றி, கண்ணாடியை மேலே வைத்துச் சில வினாடி விளக்கொளி காட்டினர். பின்னர் கண்ணாடியை அகற்றி, லைக்கோபோடியம் என்னும் மென்தூளைத் தூவி, மெல்ல ஊதினர். எழுத்துகள் தகட்டிலே நின்றன! மெழுகுத்தாளை அழுத்திச் சூடுகாட்டியபோது அவை தாளுக்கும் மாறின.

1939இல் சட்டப் பட்டமும் பெற்றார். 1942 ஒக்ரோபர் 6ஆம் தேதி 2,297,691ஆம் இலக்க ஆக்கவுரிமை அவருக்கு வழங்கப்பட்டது. மின்னேற்றுதல், ஒளிகாட்டுதல், தூள் தூவுதல் என்னும் அடிப்படை முறையையே தழுவும்படி, ஒரு குறித்த இயந்திரத்துக்கு மட்டும் கட்டுப்படாமல் அது எழுதப்பட்டிருந்தது. எனினும் ஆக்கவுரிமை தடுக்கும் உரிமையேயன்றிப் பணம் தரும் உரிமையன்று. 1939 முதல் 1944 வரை ஐ. பி. எம்., கொடக், ஜெனரல் இலெக்ற்றிக், ஆர். சி. ஏ. உட்பட இருபதுக்கு மேற்பட்ட கம்பனிகளின் கதவைத் தட்டினார், எவரும் ஏற்கவில்லை. மறுபுறம் காலக்கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அக்கால அமெரிக்கச் சட்டப்படி உரிமை வழங்கிய நாளிலிருந்து பதினேழு ஆண்டே அது நிலைக்கும். (இன்று அங்கும், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி நம் நாட்டிலும், விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது ஆண்டு.)

1944இல், ஒகையோ மாநிலத்துப் பட்டெல் ஆய்வு நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர் வேறோர் அலுவலாக மலொரிக் கம்பனியின் ஆக்கவுரிமைப் பகுதிக்கு வந்தார். கார்ல்சன் தம் பத்திரத்தை அவரிடம் காட்டினார். அந்நிறுவனம் ஆய்வுக்கு முன்வந்தது. கந்தகத்துக்குப் பதிலாகச் செலெனியம் சிறந்ததென்று அங்கே கண்டனர். பின்னர் றொச்செஸ்ரர் நகரின் ஹலொயிட் என்னும் சிறு கம்பனியும் சேர்ந்தது. அதுவே பின்னாளைய ஸெரொக்ஸ். அக்கம்பனியின் 914 என்னும் பிரதி இயந்திரம் 1959 செப்டெம்பர் 16ஆம் தேதி நியூயோர்க்கிலே மக்களுக்குக் காட்டப்பட்டது. ஒக்ரோபர் 6ஆம் தேதியோடு முதல் உரிமை காலாவதி! இடையில் இருந்தவை இருபதே நாள்.

அப்படியாயின் கார்ல்சன் கைவிடப்பட்டாரா? இல்லை. இடைக்காலத்தில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் புதுப் புது ஆக்கவுரிமை பெற்று வேலியைச் சுற்றி வேலியாக அடைத்திருந்தனர். பட்டெலுடன் செய்த ஒப்பந்தப்படி, 1955இல் ஹலொயிட் கம்பனி தன் பங்குகளைக் கொடுத்து உரிமைகளை வாங்கியபோது நூற்றுக்கு நாற்பது பகுதி கார்ல்சனுக்குச் சேர்ந்தது. அப்பங்குகள் அவரைப் பெருஞ் செல்வராக்கின. 1968இல் இறப்பதற்கு முன் ஏறத்தாழ 100 மில்லியன் டொலரை அறத்துக்குக் கொடுத்தார்; அதிற் பெரும்பகுதி பெயர் வெளியிடாமலே கொடுக்கப்பட்டது.

இத்தொழிலை நாடும் மாணவர் அறியவேண்டியது ஒன்றுண்டு. ஐக்கிய அமெரிக்காவில் ஆக்கவுரிமை அலுவலகத்தின் முன் தோன்றுதற்கு, சட்டத்தரணியாயினும் பொதுவாக விஞ்ஞானமோ பொறியியலோ கற்றிருத்தல் வேண்டும்; அவ்வலுவலகத்தின் தனிப் பரீட்சையிலும் தேறவேண்டும். சட்டப் பட்டமின்றி இவ்விரண்டும் உடையவரை ஆக்கவுரிமை முகவர் என்பர்.

கோர்னியின் செய்தியையும் கூறிவிடுவோம். கண்டுபிடிப்பால் வரும் வருவாயில் நூற்றுக்குப் பத்து அவருக்குரியதென்று முதலில் எழுதியிருந்தனர். இதற்கு எதிர்காலமில்லை என்று சோர்வுற்ற கோர்னி, ஓராண்டுக்குள் அவ்வொப்பந்தத்தை இரத்துச் செய்துவிட்டு வேறு வேலைக்குச் சென்றார். பத்திரப்படி கார்ல்சன் அவருக்கு ஒரு சதமும் கொடுக்கவேண்டியதில்லை. பல்லாண்டுகளின் பின், ஸெரொக்ஸ் பங்குகளின் விலை உயர்ந்துகொண்டிருந்தபோது, அவற்றில் நூறு பங்குகளைக் கார்ல்சன் அவருக்கு அன்பளிப்பாக அனுப்பிவைத்தார்.