காலடியிலிருந்து வரும் துகள்கள்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலிருந்து பூமியின் மையம் வழியாக நேர்கோடு இழுத்தால், அது பெரு நாட்டுக்கு மேற்கே பசிபிக் பெருங்கடலில் போய் முடியும். அந்தக் கடலுக்கு மேலே காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது நியூட்ரினோ என்னும் துகள்கள் பிறக்கின்றன. 12,700 கிலோமீட்டர் பாறையையும் இரும்பையும் கடந்து, நொடியின் இருபதில் ஒரு பங்குக்குள் அவை நம் பாதம் வழியே மேலேறிப் போய்விடுகின்றன. நமக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் வழியில் அவை மாறிவிடுகின்றன: ஒரு வகையாகப் புறப்பட்டது இன்னொரு வகையாக வந்து சேர்கிறது.

ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே ஆய்வுக்கூடம் 1998-ல் இதைக் காட்டியது. இப்படி மாற வேண்டுமானால் நியூட்ரினோவுக்கு நிறை இருந்தாக வேண்டும். துகள் இயற்பியலின் ஸ்டாண்டர்ட் மாடலோ அதற்கு நிறையே இல்லை என்று வைத்திருந்தது. 2012-ல் ஹிக்ஸ் துகள் கிடைத்த பிறகு, ஜெனீவாவின் மாபெரும் துகள் மோதல் இயந்திரத்தில் அந்த மாடலைத் தாண்டிய அடிப்படைத் துகள் எதுவும் இதுவரை அகப்படவில்லை. இத்துறையின் அடுத்த கதவு நியூட்ரினோ பக்கம்தான் திறக்கும் என்று நான் நம்புவது இதனால்தான்.

நியூட்ரினோவின் மூன்று நிறைகளில் மிகக் கனமானது எது என்பது இப்போதைய பெரிய கேள்வி. அதற்காகவே தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் மலைக்குள் 50,000 டன் இரும்பைக் காந்தமாக்கி நிறுத்தத் திட்டமிட்டார்கள். பூமிக்குள் இருக்கும் எலக்ட்ரான்கள் நியூட்ரினோவை ஒரு விதமாகவும் எதிர்நியூட்ரினோவை வேறு விதமாகவும் பாதிக்கின்றன; எதை எப்படி என்பது அந்த நிறைகளின் வரிசையைப் பொறுத்தது. நியூட்ரினோ மோதி இரும்பில் பிறக்கும் மியூவான் என்ற துகள் காந்தப்புலத்தில் எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்தால், வந்தது எது என்று தெரிந்துவிடும். மலை எதற்கு? திறந்தவெளியில் உள்ளங்கையை நீட்டினால் நொடிக்கு ஒரு மியூவானாவது வானிலிருந்து வந்து விழும். அந்த மழையைத் தடுக்க எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டர் பாறை வேண்டும். 1965-ல் கோலார் தங்கச் சுரங்கத்தின் அடியாழத்தில் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்து, உலகில் முதலில் கண்டவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள்.

பொட்டிபுரம் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. உள்ளூரில் எதிர்ப்பு வலுத்தது. அனுமதி தர இயலாது என்று 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. நியூட்ரினோவால் கதிரியக்கம் வரும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் வெடி வைப்பதும் புலிகளின் வழித்தடமும் நியாயமான கவலைகள். அவற்றுக்குப் பதில் சொல்லாமல் மலையைத் தொட முடியாது, தொடவும் கூடாது.

இதற்கிடையே அதே நிறைக் கேள்விக்கு விடை தேடும் சீனாவின் ஜூனோ ஆய்வுக்கூடம் 2025 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கிவிட்டது. அது அணு உலைகளின் எதிர்நியூட்ரினோக்களைச் சுமார் 53 கிலோமீட்டர் தொலைவில் அளக்கிறது. பூமியைத் துளைத்து வருபவற்றைக் காந்தத்தால் இனம்பிரிப்பது வேறொரு சோதனை. அதன் தேவை ஜூனோவோடு தீர்ந்துவிடாது. அதற்கான 85 டன் சிறு மாதிரியை மதுரையில் கட்டி, வானத்து மியூவான்களை அதில் பதிவு செய்திருக்கிறார்கள்.