மோட்டார் வண்டியின் மின்னோய்

காலையில் வண்டி இயங்க மறுப்பின், பற்றரியே பழுதென்று துணிந்து புதியது வாங்குவோர் பலர். சின்னாளில் அதுவும் சோர்ந்துவிடக் கண்டு மயங்குவர்.

1859 இல் பிரெஞ்சு அறிஞர் பிளாந்தே ஆக்கிய ஈய அமிலக் கலத்தின் வழிவந்ததே பற்றரி. அது மின்னைச் சேர்த்துவைக்கும் களஞ்சியம். விளைவிக்கும் வயல் ஆல்ற்றனேற்றர். வயல் பொய்த்தவிடத்துக் களஞ்சியத்தை மாற்றுவதாற் பயனென்ன?

வினாயகபுரம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று பற்றரி முனைகளை விரைந்து அரிக்கும். ஆதலின் முதற்கண் அவற்றைத் துடைத்து இறுக்குக. பின்னர் வோல்ற்றுமானியால் மும்முறை அளக்க. இரவு முழுதும் ஓய்ந்திருந்த பற்றரி 12.6 வோல்ற்றுக் காட்டின் நிறைந்துளது. 12 இற்குக் கீழாயின் வெறுமையுற்றது. நிறைந்திருந்தும், வண்டியைக் கிளப்பும்போது 9.6 இற்குக் கீழ் வீழின், பற்றரியே நலிந்தது. இயந்திரம் ஓடுகையிற் பொதுவாக 13.8 முதல் 14.5 வரை நிற்றல் வேண்டும். அவ்வாறு ஏறாதாயின் ஆல்ற்றனேற்றரையும் அதனைச் சுழற்றும் பட்டியையும் ஆராய்க.

ஓடும்போதே பற்றரிக் கம்பியைக் கழற்றிச் சோதிக்கும் பழைய வழக்கம் தீது. ஆல்ற்றனேற்றரின் இருவாயிகள் அதனாற் கெடும்.

அளந்தறியுமுன் பழிசுமத்தல் மாணவரிடத்து மட்டுமன்று, பற்றரியிடத்தும் தகாது.