பேரங்காடிகளுக்கு அடியில் ஒரு போர்க்களம்: ரவாங் மறந்த கிள்ளான் போர்

ரவாங் என்றதும் பேரங்காடியும் வரிசை வரிசையான தாமான்களும் காலை நெரிசலும் பக்கத்தில் பெரோடுவா கார் தொழிற்சாலையும் நினைவுக்கு வரும். 1867 முதல் 1874 வரை சிலாங்கூரை இரண்டாக்கிய உள்நாட்டுப் போரில் இந்த வட்டாரமும் ஒரு களம் என்பதைச் சொல்ல ஆளில்லை.

சண்டை எதற்காக?

ஈயத்துக்காக. 1857-இல் கிள்ளானை நிர்வகித்த ராஜா அப்துல்லா 87 சீனத் தொழிலாளர்களை அம்பாங் காட்டுக்கு அனுப்பினார். ஒரு மாதத்துக்குள் 69 பேர் காய்ச்சலில் மாண்டார்கள். ஆனாலும் ஈயம் கிடைத்தது. வெட்டியெடுத்த ஈயம் கிள்ளான் ஆற்று வழியே கடலுக்கு இறங்கியது. ஆற்றுமுகத்தைக் கையில் வைத்திருந்தவருக்கே வரிப்பணம். 1866-இல் அந்த வரி வசூலை வில்லியம் ரீட், டான் கிம் செங் என்ற இரு சிங்கப்பூர் வணிகர்களுக்கு ராஜா அப்துல்லா குத்தகைக்கு விட்டார். கிள்ளான் தமக்கே உரியது என்று எண்ணியிருந்த ராஜா மஹாடி வரி கட்ட மறுத்து, 1867-இல் கிள்ளானைப் பிடித்தார். சிலாங்கூர் சுல்தான் அப்துல் சமாட்டின் மருமகனான கெடாவின் தெங்கு கூடின் எதிரணிக்குத் தலைமையேற்க, அரச குடும்பத் தகராறு போராக முற்றியது.

ரவாங் எப்படிக் களமானது?

சீனச் சுரங்கக்காரர்களும் இரண்டு அணியானார்கள். கோலாலம்பூர்ச் சீனர்களின் தலைவரான கப்பித்தான் யாப் ஆ லோய் கூடின் பக்கம். ரவாங்கை அடுத்த கஞ்சிங்கில் ஈயம் வெட்டியவர்களின் தலைவர் சோங் சோங், ராஜா மஹாடியின் தளபதி சையத் மஷ்ஹோருடன் சேர்ந்தார். கஞ்சிங் தாக்கப்பட்டது. சண்டை ரவாங்குக்கும் அம்பாங்குக்கும் பரவியது. 1872-இல் புக்கிட் நானாஸ் குன்றைக் காத்துநின்ற கூடினின் படை முற்றுகையைத் தாங்காமல் தப்பியோடி, வழிதவறிப் பெட்டாலிங் பக்கம் சிக்கி அழிந்தது. கோலாலம்பூர் எரிந்தது. பகாங் படையின் துணையோடு 1873-இல்தான் யாப் ஆ லோய் ஊரை மீட்டார். புக்கிட் நானாஸில் இன்று 421 மீட்டர் உயரக் கோலாலம்பூர் கோபுரம் நிற்கிறது. கஞ்சிங்கில் குடும்பங்கள் அருவிக்குக் குளிக்கப் போகின்றன. கஞ்சிங் வனத்தின் மேலே 2017 முதல் உயர்மட்டச் சாலையில் வண்டிகள் பறக்கின்றன.

தடயம் ஏன் இல்லை?

அன்றைய அரண்கள் கல்லால் கட்டியவை அல்ல. மரக்கட்டைகளை நெருக்கமாக நட்டு, மண் அணைத்து எழுப்பியவை. தீயில் தப்பியதைக் கரையானும் மழையும் தின்றன. பிறகு ஈய லம்பங்கள் வந்தன. நிலத்தைத் தோண்டி, நீர் பாய்ச்சி அலசிய இடங்களில் போர் நடந்த மண்ணே கரைந்து போனது. அடுத்து ரப்பர் தோட்டம், கடைசியில் தாமான், கடைத்தொகுதி. கிள்ளானில் ராஜா அப்துல்லா கட்டிய ஈயக் கிடங்கு இன்றும் நிற்கிறது. ரவாங்குக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

நமக்கு என்ன?

நிறைய இருக்கிறது. போர் ஓய்ந்த கையோடு பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஆட்சி வந்தது. அதன் பின்னால் ரயில் பாதையும் தோட்டங்களும் வந்தன. அந்த வேலைகளுக்குத் தமிழர்கள் கப்பலேறினார்கள். கோலாலம்பூருக்கும் ரவாங்குக்கும் இடையே 1892-இல் ரயில் ஓடியது. 1894-இல் கா. தம்புசாமிப் பிள்ளையும் லோக் யூவும் ரவாங்கில் தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். இந்நாட்டில் மின்சாரத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது. இந்தப் போரின் முடிவு, நாம் இங்கு வந்த கதையின் முதல் அத்தியாயங்களில் ஒன்று.

என்ன செய்யலாம்?

அமெரிக்காவில் வால்மார்ட் நிறுவனம் வர்ஜீனியாவின் வில்டர்னஸ் போர்க்களத்தை ஒட்டிக் கடை கட்ட முயன்றது. மக்கள் எதிர்ப்பால் 2011-இல் திட்டத்தைக் கைவிட்டது. டென்னசியின் ஃபிராங்க்ளினில், போர்க்களத்தின் மேல் எழுந்த பீட்சா கடையை விலைக்கு வாங்கி இடித்து நிலத்தை மீட்டார்கள்.

ரவாங்கில் எதையும் இடிக்க வேண்டியதில்லை. மக்களுக்கு வீடும் வேலையும் வேண்டும். ஆனால் இங்கே என்ன நடந்தது என்று சொல்லும் பலகை வைக்கப் பெருஞ்செலவு ஆகாது. 2005-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் நடப்பில் இருக்கிறது. செலாயாங் நகராண்மைக் கழகம் ரவாங்கிலும் கஞ்சிங்கிலும் நான்கு மொழிகளில் அறிவிப்புப் பலகை வைக்கட்டும். புதிய மேம்பாட்டுக்கு அனுமதி தருமுன் அந்த நிலத்தின் வரலாற்றையும் கேட்டுப் பதியட்டும். ரவாங் வாசகர்களே, உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் நகராண்மைக் கழகத்திடமும் இந்தக் கோரிக்கையை எழுத்து மூலம் வையுங்கள்.